சின்ன ரீஃப் டேங்கில் கோமாளி மீனுக்கு எதை வீடாக வைப்பது?

கோமாளி மீன் வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் வரும் ஆசை, அது அனிமோன் என்ற, கொட்டும் விழுதுகள் உள்ள கடல் உயிருக்குள் புரண்டு படுப்பதைப் பார்க்க வேண்டும் என்பதுதான். எனக்கும் வந்தது. ரீஃப் டேங்க், அதாவது பவளமும் மீனும் சேர்த்து வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, 2 அடி நீளம், சுமார் 70 லிட்டர் தண்ணீர், அதில் பபிள் டிப் என்ற அனிமோன் வகையில் ஒன்றைக் கொண்டுவந்து விட்டேன். "நீமோ வாங்கினா இதையும் வாங்கியே ஆகணும் சார், இல்லன்னா மீன் நிக்காது" என்று கடையில் சொன்னார்கள், நம்பினேன். நான்காம் நாள் ராத்திரி அது பாறையை விட்டுக் கழன்று நகர்ந்து, தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கரில் சிக்கிவிட்டது. காலையில் பார்த்தால் தண்ணீர் கஞ்சித் தண்ணி மாதிரி கலங்கியிருக்கிறது, வேவ்மேக்கர் கூட்டில் பழுப்பு நிறத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, மூடியைத் தூக்கினால் நாற்றம். இரண்டு இறாலும் ஒரு கோபி மீனும் போய்விட்டன. பாதித் தண்ணீரை உடனே மாற்றி, தண்ணீரைச் சுத்தம் செய்யும் கார்பனைப் புதிதாகப் போட்டதில் கோமாளி ஜோடி மட்டும் தப்பித்தது.

அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் இருக்கும் கோமாளி மீனுக்கு அனிமோன் கட்டாயம் கிடையாது. கடலில் அது இல்லாவிட்டால் பெரிய மீன் பிடித்துத் தின்றுவிடும். உங்கள் தொட்டியில் பிடித்துத் தின்ன யாரும் இல்லை. பண்ணையில் பொரித்து வளர்த்த மீன்கள் பெரும்பாலும் அனிமோனைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. எந்த வீடும் இல்லாமலேயே பத்து வருஷத்துக்கு மேல் நன்றாக வாழும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி, இந்தத் தொட்டியில் எந்த உயிர் நன்றாக இருக்கும் என்பதுதான். மீன் அதற்குள் போவதும் போகாததும் அப்புறம்.

மீனிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் தப்பு அங்கேயே ஆரம்பித்துவிடும். சின்ன டேங்குக்குக் கோமாளி மீன் வகைகளில் ஆசெல்லாரிஸ் அல்லது பெர்குலா, இரண்டில் ஒன்று. மரூன் க்ளவுன் பார்க்க அழகுதான், ஆனால் பெண் மீன் 15 சென்டிமீட்டர் வரை வளரும், தன் இடத்துக்கு வரும் எல்லாவற்றையும் கடிக்கும், கை விட்டால் கையையும் சேர்த்து. டொமேட்டோவும் கிளார்க்கியும் ஏறக்குறைய அதே குணம். ஜோடி சேர்க்கும்போது ஒன்று பெரிசு, ஒன்று சிறிசாக எடுங்கள். கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆணாகத்தான் வளரும், பெரியதாக ஆதிக்கம் செய்வது பெண்ணாக மாறும், எனவே அளவு வித்தியாசம் இருந்தால் சண்டை சீக்கிரம் அடங்கும்.

இயற்கையில் எந்த மீன் எந்த அனிமோனில் இருக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. கோமாளி மீன்களுக்கு இடம் கொடுக்கும் அனிமோன் வகைகள் உலகத்திலேயே பத்துதான். கிளார்க்கி பத்திலும் இருக்கும். மரூன் பபிள் டிப்பில் மட்டும். நம் ஆசெல்லாரிஸ் கடலில் தேடிப் போவது மேக்னிஃபிகா, ஜைகான்டியா, மெர்டென்சி என்ற மூன்றை. சிக்கல் என்னவென்றால், இந்த மூன்றுமே சின்ன டேங்குக்கு ஆகாதவை. மேக்னிஃபிகா அரை மீட்டர் அகலத்துக்கு விரியும், இடம் பிடிக்கவில்லை என்றால் ஊர் சுற்றும். ஜைகான்டியா மாதிரி கார்ப்பெட் அனிமோன்கள் ஒட்டுகிற ஒட்டில் மற்ற மீன்களைப் பிடித்துத் தின்றுவிடும். புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்று இவற்றை 70 லிட்டரில் விட வேண்டாம், தயவுசெய்து. அனிமோன் பல பத்தாண்டுகள் வாழக்கூடிய உயிர், நம் தொட்டியில் அது மூன்று மாதத்தில் சாவதைப் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது.

என் கருத்தில் சின்ன தொட்டிக்கு முதல் தேர்வு டோட்ஸ்டூல் லெதர், காளான் குடை மாதிரி இருக்கும் மென்பவளம். வெளிச்சம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் தாங்கும், மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராம் இருந்தாலும் கவலைப்படாது, இடம் விட்டு நகராது, மீனைக் கொட்டாது. வளர்ந்தால் குடை உள்ளங்கையைத் தாண்டிப் போகும், மீன் அதன் மேல் படுத்துக்கொள்ளலாம். வாங்கும்போது குடை குறைந்தது 8 சென்டிமீட்டராவது இருக்கட்டும், சின்ன ஃப்ராக்கை (வெட்டி எடுத்த பவளத் துண்டை) மீன் தேய்த்தே மூடவைத்துவிடும். இதில் புதியவர்கள் பயப்படும் ஒரு விஷயம் உண்டு. அவ்வப்போது அது பூ மாதிரி நீட்டியிருக்கும் சின்னச் சின்ன பாலிப் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே மெழுகு பூசியது போலப் பளபளவென்று ஆகி, ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் அப்படியே நிற்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். தோல் உரிக்கிறது. அந்த மெல்லிய ஏடு கழன்று போகத் தண்ணீர் ஓட்டம் கொஞ்சம் படும்படி வைத்தால் போதும், அப்புறம் முன்பைவிட நன்றாக விரியும். லெதர் தண்ணீரில் சில ரசாயனங்களை விடும், அது பக்கத்துப் பவளங்களுக்கு ஆகாது, அதனால் கார்பன் எப்போதும் ஓடட்டும்.

டார்ச், ஹேமர், டங்கன் போன்ற நீண்ட விரல் பவளங்களிலும் கோமாளி மீன் குடியேறும், டார்ச்சில் பார்க்க அனிமோன் போலவே இருக்கும். ஆனால் டார்ச் ராத்திரியில் நீளமான கொட்டும் விழுதுகளை வெளியே விடும், சுற்றிலும் ஒரு சாண் இடமாவது காலியாக விட வேண்டும், 2 அடி தொட்டியில் அது பெரிய இடம். இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: பவளப்பாறை கட்டும் கல் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, இந்த மூன்றும் அந்தக் கல் பவள வகைதான். நம் கடலிலிருந்து எடுத்தது என்றால் அது குற்றம். மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றிய பகுதி தேசியப் பூங்கா, அங்கிருந்து மென்பவளம், அனிமோன் எதையும் எடுக்கக் கூடாது. "ராமேஸ்வரம் பீஸ் சார், சீப்பா தரேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள். மீனையும் பண்ணையில் பொரித்ததாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலேயே கோமாளி மீன்களைப் பொரித்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

மஷ்ரூம் பவள வகையில் முடி முடியாக இருக்கும் ரோடாக்டிஸ் பரவாயில்லை. யானைக் காது மஷ்ரூம் மட்டும் வேண்டவே வேண்டாம். அது தட்டு மாதிரி விரிந்திருக்கும், மீன் உள்ளே வந்து உட்கார்ந்ததும் விளிம்பைச் சுருக்குப் பை போல மெதுவாக மூடி விழுங்கிவிடும்.

சரி, அனிமோன்தான் வேண்டும் என்றால் பபிள் டிப் ஒன்றுதான் வழி. ஆசெல்லாரிஸ் கடலில் அதில் இருப்பதில்லை, தொட்டியில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. அதற்கும் 100 லிட்டருக்கு மேல் தண்ணீர், குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருஷம் ஓடிய தொட்டி, 1.025 உப்பு அளவு (ஒப்படர்த்தி), 25 முதல் 27 டிகிரி, நல்ல ரீஃப் லைட், இவ்வளவும் இருக்க வேண்டும். சென்னை மே மாத வெயிலில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரோ ஏசியோ இல்லாமல் இது நடக்காது. கடையில் வாயைப் பாருங்கள், இறுக மூடியிருக்க வேண்டும், தொங்கினால் வேண்டாம். அடிப்பாகத்தில் கிழிசல் இருந்தால் வேண்டாம். பால் வெள்ளையாக இருப்பதை அபூர்வ நிறம் என்று விற்பார்கள். அது உள்ளே இருக்கும் பாசி எல்லாம் போய்ப் பட்டினி கிடக்கும் அனிமோன். கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருந்தால் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். காண்டி என்று விலை மலிவாகக் கிடைப்பது கரீபியன் கடல் அனிமோன், அந்தக் கடலில் கோமாளி மீனே கிடையாது, அதை வாங்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே வேவ்மேக்கருக்கும் பம்ப் வாய்க்கும் ஸ்பாஞ்ச் உறை போட்டுவிடுங்கள். அடியை நுழைத்துக்கொள்ள ஆழமான பாறை இடுக்கு இருந்தால் அது அதிகம் நகராது.

எதை வைத்தாலும் மீனைப் பிடித்து அதற்குள் தள்ளக் கூடாது. லைட் அணைந்த பிறகு கோமாளி ஜோடி எந்த மூலையில் தூங்குகிறது என்று நாலைந்து ராத்திரி கவனியுங்கள், புது வீட்டை அந்த மூலையில் வையுங்கள். என் தொட்டியில் லெதர் வைத்து ஐந்து வாரம் இரண்டும் திரும்பியே பார்க்கவில்லை. ஒரு நாள் பெரியது பின்பக்கமாகவே நீந்தி வந்து வாலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடிற்று, மறுபடி வந்தது, வயிற்றை உரசிப் பார்த்தது, மறுநாள் சாயங்காலம் குடையின் நடுவில் படுத்திருந்தது. சிறியது இன்னும் மூன்று நாள் தள்ளித்தான் வந்தது.

குடியேறிய பிறகு ஒரு வாரம் பவளத்தைக் கவனியுங்கள். பகலெல்லாம் பாலிப் மூடியே இருந்து, ஒரு பக்கம் சதை உரிந்து தெரிந்தால், மீன் தேய்ப்பது அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ஓட்டை ஓட்டையாக இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, மேலே ஒரு கல் வைத்துப் பத்து நாள் மூடி வையுங்கள். வெளிச்சமும் தண்ணீரும் உள்ளே போகும், மீன் போக முடியாது. பாலிப் முழுசாக விரிந்த அன்று கூடையை எடுத்துவிடலாம்.