கவுன்ட்டர் வேலையையும் பட்டியலாக்கத்தையும் பிரித்த பிறகு

நூலகத்தில் என்னைச் சோர்வாக்கியது வேலையின் அளவு அல்ல, அது துண்டு துண்டாக வந்ததுதான். ஒரு புத்தகத்துக்கு, அது எந்தத் துறை என்று காட்டும் வகைப்பாட்டு எண்ணை யோசிக்கும்போதே ஒருவர் புத்தகம் திருப்பித் தர வருவார். இன்னொருவர் பிரின்டர் ஓடவில்லை என்பார். திரும்பி வந்து உட்கார்ந்தால் எண்ணை முதலிலிருந்து தேட வேண்டும்.

சக ஊழியரோடு பேசி நேரத்தைப் பிரித்துக்கொண்டோம். காலையில் நான் உள்ளறையில், அவர் கவுன்ட்டரில். மதியத்துக்குப் பிறகு மாறிக்கொள்வோம். வரிசை நீண்டால் மட்டும் உள்ளே இருப்பவரை அழைக்கலாம். இது வாசகர்களுக்கும் நல்லதுதான். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவதே வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. பாதிக் கவனத்தோடு இருப்பவரால் அது முடியாது.

அடுத்தது பட்டியலாக்கம், அதாவது புத்தக விவரங்களை நூலகப் பட்டியலில் பதிவது. புத்தகத்தின் தனி அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைக் கொடுத்து, வேறு நூலகங்கள் ஏற்கெனவே உருவாக்கிய மார்க் பதிவை (கணினி படிக்கும் வடிவிலான புத்தக விவரம்), நூலகங்களின் பட்டியல்களில் தேட உதவும் இசட்39.50 நெறிமுறை வழியாக, எங்கள் நூலக மென்பொருளான கோஹாவில் இறக்கிக்கொள்கிறேன். திருத்தம் மட்டும் என் வேலை. பழைய பதிப்புகளுக்கு ஐஎஸ்பிஎன் இருக்காது. அவற்றைத் தனியே எடுத்துவைத்து, அமைதியான நேரத்தில் பொறுமையாகச் செய்கிறேன். அந்த வேலை எனக்கு மிகவும் பிடிக்கும்.

தவணை கடந்த நினைவூட்டல்களை மென்பொருளே அனுப்புகிறது. திரும்பி வந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியிலேயே டியூவி வகைப்பாட்டு எண்ணின்படி நூறு நூறாக (000, 100, 200 என்று) பிரித்துவிடுகிறோம். அலமாரிகளுக்கு இடையே வீண் நடை குறைந்ததில் முதுகுவலியும் குறைந்தது.