கிராமத்துத் தொகுதி எம்.எல்.ஏ.வின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

ஆளைப் பற்றி எழுதும் முன் தொகுதியின் எல்லையை முடிவு செய்துகொள்ளுங்கள். பாதித் தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. முன்னாள் அமைச்சர் பி. கக்கனையே எடுத்துக்கொள்வோம். மேலூர் வட்டம் தும்பைப்பட்டிக்காரர். 1957இல் மேலூரில் வென்றார், 1962இல் சமயநல்லூரில் வென்றார், 1967இல் மேலூர் தெற்கில் தோற்றார். இன்றைய மேலூர் தொகுதியின் வரைபடத்தை வைத்துக்கொண்டு இந்த மூன்று தேர்தலையும் எழுதினால் மூன்றுமே பிழையாகும். 1957இல் மேலூர் இரட்டை உறுப்பினர் தொகுதி, அதாவது ஒரே தொகுதியில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1967இல் வடக்கு, தெற்கு என்று இரண்டாக இருந்தது. சமயநல்லூர் என்ற தொகுதியோ, எல்லைகளை மாற்றி வகுத்த 2008 மறுவரையறையில் காணாமலே போய்விட்டது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அப்போது நடப்பில் இருந்த மறுவரையறை ஆணையைப் பார்த்து, கிராமப் பெயர்களைத் தனித்தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாக்கு எண்ணிக்கைக்குத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் போதும். முதல் பொதுத்தேர்தலில் இருந்தே இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் 1957 அறிக்கையைப் படிக்கும்போது கவனம் தேவை. அந்த ஆண்டு சென்னை மாநிலத்தில் 167 தொகுதிகள், 205 உறுப்பினர்கள். இரட்டைத் தொகுதியில் ஒரு வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. அதனால் பதிவான ஓட்டு வாக்காளர் தொகையைவிட அதிகமாகக் கூடத் தெரியும். அதைக் கள்ள ஓட்டு என்று எழுதிவிடக் கூடாது. 1962 முதல் எல்லாம் ஒற்றைத் தொகுதிதான். அண்மைக் காலத்து உறுப்பினர் என்றால் இன்னும் இரண்டு தாள்கள் கிடைக்கும். வாக்குச்சாவடி வாரியான முடிவு படிவம் 20இல் இருக்கும். எந்த ஊர் அவரைக் கைவிட்டது என்பதை அதுதான் காட்டும். சொத்து, வழக்கு, படிப்பு விவரம் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் இருக்கும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், 2003 முதல்தான் இந்த விவரங்கள் ஒழுங்காகக் கிடைக்கின்றன.

அடுத்தது சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள். சென்னைக் கோட்டையில் உள்ள பேரவை நூலகத்திலும் பழைய குறிப்புகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். போவதற்கு முன் அனுமதி பற்றி விசாரித்துக்கொள்வது நல்லது. எல்லா நாளையும் புரட்டத் தேவையில்லை. கேள்வி நேரம், அவசரப் பிரச்சினையை எழுப்பும் கவன ஈர்ப்பு, துறைவாரியாக நிதி கேட்கும் மானியக் கோரிக்கை விவாதம் மூன்றையும் பாருங்கள். கிராமத்து உறுப்பினர் தன் ஊர்ப் பாலத்தையும் கால்வாயையும் பேசும் இடம் பெரும்பாலும் மானியக் கோரிக்கைதான். உறுப்பினர் அமைச்சராகவும் இருந்தால் கதை மாறும். அமைச்சர் கேள்வி கேட்பதில்லை, பதில்தான் சொல்வார். கக்கன் 1957 முதல் 1967 வரை அமைச்சர்: முதலில் பொதுப்பணி, பிறகு வேளாண்மை, 1963 அக்டோபர் முதல் உள்துறை. இவருடைய கேள்விகளைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. 'சபையில் வாய் திறக்கவில்லை' என்று முடிவு கட்டிவிடுவார்கள் சிலர்.

இனி எல்லோரும் தடுக்கி விழும் இடம்: 'இவர் கொண்டுவந்தது'. ஊரில் நிற்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு எம்.எல்.ஏ. பெயர் சொல்வார்கள். வைகை அணை 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது, அப்போது பொதுப்பணித் துறை கக்கன் கையில். ஆனால் அவர் அமைச்சரானது 1957இல். இரண்டு வருடத்தில் அணை எழும்பாது. திட்டமும் வேலையும் அவருக்கு முன்பே தொடங்கியவை. ஆகவே 'அவர் காலத்தில் முடிந்தது' என்று எழுதலாம், 'அவர் கட்டினார்' என்று எழுத முடியாது. ஒவ்வொரு பணிக்கும் நான்கு கட்டம் போடுங்கள்: கேட்டது யார், அரசாணை எப்போது, பணம் எந்தக் கணக்கில், முடிந்த தேதி. கல்வெட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது அடிக்கல்லா திறப்பு விழாக் கல்லா என்றும் பாருங்கள். அடிக்கல்லோடு நின்றுபோன பணிகள் எத்தனையோ.

இக்காலத்து உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஒரு நல்ல சாவி. இப்போது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். கணக்கு மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். 'என்னென்ன செய்தார்?' என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். நிதியாண்டு வாரியாகப் பணியின் பெயர், ஊராட்சி, நிர்வாக அனுமதி எண், மதிப்பீடு, செலவு, முடிந்த தேதி என்று பட்டியல் கேளுங்கள். ஓர் ஆண்டுக்கு ஒரு மனு என்று பிரித்துப் போட்டால், ஒன்று நிராகரிக்கப்பட்டாலும் மற்றவை தப்பும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. சாலையை யார் போட்டது என்ற சண்டை இந்தப் பட்டியலோடு ஓய்ந்துவிடும்; பாதிச் சாலைகள் மத்தியத் திட்டத்திலோ நபார்டு கடனிலோ போட்டவையாக இருக்கும்.

ஊர்ப் பெரியவர்களிடம் வருடம் கேட்காதீர்கள், சரியாக வராது. 'தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா, பின்னாடியாய்யா?' என்று கேட்டால் 1964 டிசம்பரை ஒட்டி விடை நிற்கும். இரண்டு கட்சிக்காரர்களிடமும், தொகுதியில் நீர் கடைமடைக்கு வரும் ஊரிலும், சேரியிலும் கட்டாயம் கேட்க வேண்டும். எளிமைக் கதைகள் நிறையக் கிடைக்கும். ஒரே கதை மூன்று ஊரில் மூன்று தலைவர்கள் பெயரில் உலவும். இடமும் ஆளும் உறுதியானால் மட்டும் சேருங்கள்.

மரபு என்ற அத்தியாயத்தில் புகழ் மட்டும் இருந்தால் அது வரலாறு அல்ல, வெறும் பாராட்டு மலர். தும்பைப்பட்டி மணிமண்டபத்தையும் 1999இல் வந்த அஞ்சல் தலையையும் எழுதும் கை, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் காவல்துறை சுட்டபோது உள்துறை அவரிடம் இருந்ததையும் எழுத வேண்டும். 1967 தோல்வியை அது இல்லாமல் விளக்க முடியாது. குடும்பத்தாரிடம் கைப்பிரதியைக் காட்டலாம். தேதித் திருத்தங்களை ஏற்றுக்கொள்ளுங்கள், நீக்கச் சொல்பவற்றுக்கு ஆவணம் கேளுங்கள். அச்சானதும் ஒரு பிரதியை ஊர்க் கிளை நூலகத்தில் கொடுத்து, பின்னால் நாலைந்து வெற்றுத் தாள் விட்டு வையுங்கள். பிழை கண்டவர்கள் எழுதட்டும்.