'பட்டான்' பார்க்க உட்காரும் முன்

தக்கலையில் எங்கள் வீட்டு மாடியில் தங்கை மகனுக்கு 1943-இல் வந்த 'பட்டான்' என்ற அமெரிக்கப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பிலிப்பைன்ஸில் உள்ள பட்டான் தீபகற்பத்தில் ஜப்பானியரை எதிர்த்து நிற்கும் ஒரு சிறு படையின் கதை. கடைசியில் மிஞ்சும் சார்ஜெண்ட் தன் குழியைத் தானே வெட்டி, அதற்குள் நின்று கேமராவைப் பார்த்தே சுடுகிறான். பையன் கண் கலங்கிவிட்டான். நானும்தான். அந்த அழுகையைத் தடுக்காதீர்கள். முதல் தடவை முழுசாகப் பாருங்கள்.

பிறகு தேதியைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே எடுத்த படம். ஊரில் இருப்பவர்களைக் கோபப்படுத்தி, அடுத்த ஆளைப் பட்டாளத்துக்கு அனுப்ப வேண்டிய நேரம்.

இரண்டாவது தடவை கடைசிப் பத்து நிமிடம் சத்தத்தை அணைத்துவிடுங்கள். இசை போனதும் எதிரிக்கு முகமே காட்டவில்லை என்பது தெரியும். புகை, புதர், தொப்பி, அவ்வளவுதான்.

முக்கியமானது, படத்தில் இல்லாதவர்களைத் தேடுவது. படத்தில் அந்தப் படையின் 13 பேரும் சாகிறார்கள். நிஜத்தில் 1942 ஏப்ரல் 9 அன்று சுமார் 75,000 வீரர்கள் பட்டானில் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள்; பெரும்பாலோர் பிலிப்பினோக்கள். ஜப்பானியர் அவர்களைப் பட்டினியோடு வெயிலில் நடத்தியே கொண்டுபோனார்கள், வழியில் கைதிகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்தக் கைதிகளுக்குப் படத்தில் இடமில்லை.

மறுநாள் அவனை உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். திருவிதாங்கூர் டச்சுக்காரர்களை வென்ற குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைக்காரர் டிலனாய், பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியானவர், அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். "பாத்தியா மக்களே, சரணடைஞ்ச ஆளு" என்றேன். கல்லறைக் கல்லில் கைவைத்து ரொம்ப நேரம் நின்றான்.