போக்கரில் இருக்கையைக் கவனிக்காதவர்கள் செய்யும் தவறுகள்

முறை வருவதற்குள் பந்தயச் சிப்பைத் தள்ளுவது, பக்கத்தில் இருப்பவருக்குச் சீட்டு தெரியும்படி பிடிப்பது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். போக்கரின் டெக்ஸாஸ் ஹோல்டெம் வகையை ஆட வரும் புதியவர்களிடம் சரியாகாமல் நிற்பது வேறு: கையில் வந்த சீட்டைப் பார்க்கிறார்கள், எந்த இடத்திலிருந்து ஆடுகிறோம் என்று பார்ப்பதில்லை.

‘ஏற்கெனவே பணம் போட்டாச்சே’ என்று ஸ்மால் பிளைண்டில் கால் செய்வது

கால் என்றால் எதிராளி வைத்த அளவுக்கே பணம் போட்டுத் தொடர்வது. இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். சீட்டைப் பார்க்குமுன்னே இருவர் கட்டாயமாகப் போடும் பணம் பிளைண்ட்; சிறியது ஸ்மால், பெரியது பிக். அவை 1, 2 என்று வையுங்கள். பட்டன் (டீலர் இடத்தில் இருப்பவர்) தொகையை 6க்கு உயர்த்தி ரெய்ஸ் செய்கிறார். ஸ்மால் பிளைண்டில் இருப்பவரிடம் ஸ்பேட் கிங்கும் டைமண்ட் பத்தும். பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்த பணத்தில், 9 இருக்கிறது, இன்னும் 5 போட்டால் போதும்; 36 சதவீதம் ஜெயித்தாலே நஷ்டமில்லை என்று தோன்றும். ஆனால் அந்தக் கணக்கு, அதற்கு மேல் யாரும் பெட் வைக்காவிட்டால்தான் செல்லும்.

ஃப்ளாப், டர்ன், ரிவர் (மேசையில் பொதுச் சீட்டுகள் விரியும் சுற்றுகள்) மூன்றிலும் ஸ்மால் பிளைண்டுதான் முதலில் பேச, அதாவது முடிவு சொல்ல, வேண்டும். போதாததற்கு, பின்னால் பிக் பிளைண்ட் வேறு காத்திருக்கிறார்.

என் மேசையில் ஒரு புதியவர் அப்படித்தான் கால் செய்தார். ஃப்ளாப்பில் கிங், ஏழு, நான்கு. செக் (பெட் வைக்காமல் முறையை விடுவது), கால், செக், கால், செக், கால். எதிராளி கிங்-குயின் காட்டினார்; இருவருக்கும் கிங் ஜோடிதான், ஆனால் பத்தைவிடக் குயின் பெரிது. “என்ன அதிர்ஷ்டம் பாருங்க” என்று நொந்துகொண்டார் புதியவர். அதிர்ஷ்டத்துக்கு இதில் வேலையே இல்லை. நீங்கள் செக் செய்ததும், மோசமான கை உள்ளவர் தானும் செக் செய்து பாட்டைச் சிறிதாகவே வைத்துக்கொள்கிறார். நல்ல கை உள்ளவர் பெட் வைக்கிறார். அதனால் நீங்கள் ஜெயிக்கும் பாட் சின்னது, தோற்கும் பாட் பெரியது. அந்த இடத்தில் பெரும்பாலும் திருப்பி ரெய்ஸ் செய்யுங்கள், இல்லையென்றால் ஃபோல்ட் (சீட்டை மடக்கிவிடுவது). போட்ட 1 உங்களுடையதில்லை, பாட்டுடையது.

முதல் இடத்தில் ஏஸ்-ஜாக்கை நம்புவது

ஒன்பது பேர் மேசையில் ஃப்ளாப்புக்கு முன் முதலில் பேசுபவர் நீங்கள் என்றால், உங்களுக்குப் பின் 8 பேர் பேசவிருக்கிறார்கள். ஒருவரிடம் ஏஸ்-கிங்கோ ஏஸ்-குயினோ இருந்தால், ஏஸ் விழுவதே உங்களுக்கு ஆபத்து. இரண்டும் வெவ்வேறு சூட்டாக (ஸ்பேட், டைமண்ட் போன்ற ரகம்) இருந்தால் மடக்கிவிடலாம்.

பட்டனில் முதல் ஆளாக வெறும் கால்

உங்களுக்கு முன் எல்லோரும் மடக்கிவிட்டிருந்தால், பிக் பிளைண்ட் அளவுக்கு மட்டும் போட்டுத் தொடர வேண்டாம். ரெய்ஸ், அல்லது ஃபோல்ட்.

இருவர் ஆட்டத்தில் குழம்புவது

பட்டனே ஸ்மால் பிளைண்ட். ஃப்ளாப்புக்கு முன் முதலில், பின் கடைசியில் பேசுவார்.

கிடைத்த நாற்காலியில் உட்கார்வது

இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால், அடிக்கடி ரெய்ஸ் செய்பவர் உங்களுக்கு வலப்பக்கம் இருக்கட்டும். பேச்சு இடப்பக்கமாக நகர்வதால், அவர் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டே பெரும்பாலும் நீங்கள் முடிவெடுக்கலாம்.