ரிவெட் அடித்த வளையக் கவசம்: வீட்டிலேயே செய்யும் கருவிகள்

வளையக் கவசம் என்பது இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய போர்ச்சட்டை. முனைகளை நெருக்கி மூடிய வெறும் வளையம் இழுத்தால் வாய் பிளந்துவிடும். ஒரு முனையை மற்றொன்றின் மேல் ஏற்றி, துளைத்து, ரிவெட் (இரு முனைகளையும் பிணைக்கும் சிறு ஆணி) அடித்த வளையம் அப்படிப் பிளக்காது. ஐரோப்பாவிலும் பாரசீகத்திலும் இந்தியாவிலும் போருக்கு அணிந்தது பெரும்பாலும் இந்த வகையைத்தான். இதற்கான குறடுகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையை ரேண்டில் கணக்குப் போடும்போதே ஆசை போய்விடும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையும் ஒரு பழைய இரும்புக் கடையும் போதும். கருவிகள் தயாரானபின் எல்லாம் கைவேலைதான். மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

கம்பி

1.6 மி.மீ. தடிப்புள்ள, பூச்சில்லாத கறுப்புக் கட்டுக்கம்பி வாங்குங்கள். பண்ணை வேலிக்கம்பி எங்கும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் துத்தநாகப் பூச்சு இருக்கும். அதை நெருப்பில் போட்டால் எழும் புகை உடம்புக்குக் கேடு. எவ்வளவு மலிவானாலும் அது வேண்டாம்.

சுற்றுக்கோல்

10 மி.மீ. இரும்புக் கம்பி ஒன்றின் ஒரு முனையை கைப்பிடிபோல் வளையுங்கள். நுனியருகே கம்பி நுழையும் அளவுக்குச் சிறு துளை போட்டு, கோலை இரண்டு மரக்கட்டைகளின் துளைகளில் பொருத்தினால் கருவி முடிந்தது. கம்பியை இழுத்துப் பிடித்தபடி சுற்றி, சுருளை வெட்டுக்குறட்டால் வளையங்களாக நறுக்குங்கள். முனைகள் 5 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி குறட்டால் நெருக்கினால் உள்விட்டம் ஏறக்குறைய 8.4 மி.மீ. ஆகும். எல்லா வளையத்திலும் ஒரே பக்க முனை மேலே இருக்கட்டும். பின்னும்போது அதன் அருமை தெரியும்.

தட்டும் கருவி

20 மி.மீ. உருண்டைக் கம்பியில் விரல் நீளத் துண்டு ஒன்று, அது வழுக்கி இறங்கும் அளவில் ஒரு குழாய்த் துண்டு. கம்பியின் அடிமுனையை அரத்தால் மட்டமாக்குங்கள். பழைய சம்மட்டித் தலை ஒன்றை மரக்கட்டையில் பதித்தால் அதுவே பட்டறைக்கல். வளையத்தை அதன்மேல் வைத்து, குழாயால் மூடி, கம்பியை இறக்கி ஓங்கி அடியுங்கள். முனைகள் ஏறிய இடம்தான் தடிப்பு என்பதால் அடி முதலில் அங்கேயே விழும். அந்த இடம் 2 மி.மீ. தடிப்புக்குத் தட்டையானால் போதும்.

தட்டிய இரும்பு விறைத்துவிடும். பழைய தகர டப்பாவில் வளையங்களைப் போட்டு, பிராய் (இறைச்சி சுடும்) அடுப்புக் கரியில் செக்கச்செவேலெனப் பழுக்கும்வரை காய்ச்சி, சாம்பலுக்குள்ளேயே ஆறவிடுங்கள். தண்ணீரில் போட்டு அவசரப்படுத்த வேண்டாம்.

துளைக்கும் குறடு

மொத்த வேலையின் உயிர்நாடி இதுதான். டிரில்லால் துளையிட்டால் என்ன என்று தோன்றும். டிரில் இரும்பைச் சுரண்டி எடுத்துவிடுகிறது. இருக்கும் கொஞ்ச அகலத்தில் பாதி போனால் வளையம் அங்கேயே அறும். கூரிய ஊசி இரும்பை எடுப்பதில்லை, இருபுறமும் விலக்கி வழி செய்துகொள்கிறது.

ஊசிக்குக் கான்கிரீட் ஆணி ஏற்றது. அதன் நுனியை கிரைண்டரில் தட்டையான ஆப்பு வடிவத்துக்குத் தீட்டுங்கள்: அகலம் 1.5 மி.மீ., தடிப்பு அதில் பாதி, நுனி கூர்மை. ஒவ்வொரு தொடுகைக்கும் நடுவே தண்ணீரில் முக்குங்கள். நுனி நீலம் பாய்ந்தால் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அந்த ஆணியைத் தூக்கி எறியலாம். கண்ணாடி அணியாமல் கிரைண்டர் பக்கம் போகாதீர்கள்.

இனி நீண்ட கைப்பிடியுள்ள பழைய குறடு ஒன்று. அலகைப் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டால்தான் டிரில் இறங்கும். ஓர் அலகில் ஆணிக்கான துளை, எதிர் அலகில் நுனி இறங்கச் சற்றுப் பெரிய துளை. பக்கவாட்டில் சிறு திருகு வைத்து ஆணியை இறுக்குங்கள். ஊசிகள் உடையத்தான் செய்யும். திருகு இருந்தால் மாற்றுவது எளிது. ஆப்பின் அகலப்பக்கம் வளையக் கம்பி ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். குறுக்கே திரும்பினால் ஓரம் கிழியும்.

சரியாகத் துளைத்த வளையத்தின் மறுபக்கம் சிறு கொப்புளம்போல் மேடிட்டு, அதன் உச்சியில் ஒரு கீறல் தெரியும்.

ரிவெட்டும் அழுத்தும் குறடும்

1 மி.மீ. மென்தகட்டைத் தகடு வெட்டும் கத்தரியால் 5 மி.மீ. நீள மெல்லிய முக்கோணங்களாக நறுக்குங்கள். ஊசி நுழைந்த பக்கமே ரிவெட்டும் நுழைந்து, கொப்புளத்தின் வழியே ஒரு மி.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், மிச்சத்தை வெட்டிவிடலாம். அதிகம் நீண்டால் மடங்கும், குறைந்தால் தலை உருவாகாது.

இன்னொரு பழைய குறட்டின் ஓர் அலகை மட்டமாக அரத்தால் தேய்த்து, மற்றதில் 2 மி.மீ. அகலத்தில் ஆழமில்லாத குழி ஒன்று வையுங்கள். மட்ட அலகு ரிவெட்டின் அகன்ற அடியிலும் குழி நுனியிலும் படும்படி அழுத்தினால் உருண்டைத் தலை எழும். இரண்டு குறடுகளால் வளையத்தைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். ரிவெட் ஆடினால் துளை பெரிதாகிவிட்டது, ஊசியை மெலிதாக்குங்கள்.

பின்னல் எளிது: ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களைக் கோத்துச் செல்லும். கோத்த பிறகே ரிவெட் அடிக்க வேண்டும். டர்பனின் கடற்காற்றில் பூச்சில்லாத இரும்பு சீக்கிரமே துருவேறும் என்பதால், காய்ச்சிய வளையங்களை எண்ணெய் தடவி மூடிய டப்பாவில் வையுங்கள்.