ரூட்டர் லாகில் தெரியாத ஐபி: பதற்றத்தில் செய்யும் தவறுகள்

ஏற்காட்டுத் தோட்ட வீட்டில் கேமரா மாட்டிவிட்டுச் சேலத்தில் இருந்து போனில் பார்க்கிறவர்களும் சரி, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை நடத்துகிறவர்களும் சரி, ரூட்டர் லாகை (வந்துபோகும் இணைப்புகளின் பதிவை) ஒருநாள் திறந்து பார்த்துவிட்டால் உடனே பயந்துவிடுகிறார்கள். வரிசையாக வெளிநாட்டு ஐபி (இணைய முகவரி), பக்கத்தில் 'தடுக்கப்பட்டது' என்ற குறிப்பு. அந்தத் தடுக்கப்பட்ட வரிகளிலேயே பொழுதைக் கழிப்பதுதான் முதல் தவறு. ஐபிவி4 என்ற வகை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான், அத்தனையிலும் ஒரு போர்ட்டை (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசலை) ஒரு மணி நேரத்துக்குள் தட்டிப் பார்க்கும் கருவி 2013-லேயே வந்துவிட்டது. ஷோடான், சென்சிஸ் மாதிரி சேவைகளின் அன்றாட வேலையே இதுதான். தடுத்ததை விடுங்கள், உள்ளே விட்டது எது என்று தேடுங்கள்.

அடுத்தது, பயத்தில் ரூட்டரை ரீசெட் செய்வது. தயவுசெய்து வேண்டாம். பல வீட்டு ரூட்டர்களில் லாக் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும், அணைத்தால் போச்சு. முதலில் அதைச் சேமித்துவிட்டு, அப்புறம் ரூட்டரின் கடிகாரத்தைப் பாருங்கள், ஏனென்றால் அது யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடினால் நம் நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் பின்தங்கியிருக்கும். இரவு 8:30-க்கு நடந்தது மதியம் 3 மணி என்று பதிவாகும். மதியம் கடையில் இருந்த பையன்மேல் பழி விழுவது இப்படித்தான், அது பெரிய அநியாயம்.

ஐபி எந்த நாடு என்று பார்த்து முடிவு கட்டாதீர்கள். அது வாடகை சர்வராக இருக்கலாம், வைரஸ் பிடித்த யாரோ ஒருவரின் கேமராவாகவும் இருக்கலாம். பதிலுக்கு நாமும் ஸ்கேன் பண்ணுவோம் என்று இறங்கினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளில் நீங்கள் மாட்டக்கூடும்.

நிஜமான ஓட்டை பெரும்பாலும் நாமே திறந்து வைத்ததுதான். கேமரா மாட்ட வந்தவர் போட்டுவிட்டுப் போன போர்ட் ஃபார்வர்டிங் (வெளியில் இருந்து உள்ளே வர வழி), யாரும் அணைக்காத யுபிஎன்பி (கருவிகள் தாமாகவே போர்ட்டைத் திறந்துகொள்ளும் வசதி), கணக்கர் வீட்டில் இருந்தே டேலி பார்க்கட்டும் என்று திறந்துவிட்ட 3389 (விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்). இந்தப் பட்டியலைப் பார்க்காமல் லாகை மட்டும் படிப்பதில் பயனில்லை. 2016-ல் மிராய் என்ற தீம்பொருள் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் (கேமராப் பதிவுப் பெட்டிகளையும்) பிடித்தது கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை வைத்துத்தான்.

வெளியே போகும் இணைப்புகளை யாருமே பார்ப்பதில்லை, எனக்கு இதுதான் பெரிய கவலை. உங்கள் டிவிஆர் சம்பந்தமில்லாத ஐபிகளின் 23-ஆம் போர்ட்டை (மிராய் நுழையத் தேடும் டெல்நெட் வாசலை) தட்டிக்கொண்டிருந்தால் அது ஏற்கெனவே அடுத்தவன் கையில் இருக்கிறது. மிராய் நினைவகத்தில் மட்டும் தங்கும், அணைத்துப் போட்டால் போய்விடும், ஆனால் பாஸ்வேர்டை மாற்றாமல் மறுபடி இணைத்தால் சீக்கிரமே திரும்ப வந்துவிடும்.

3389 திறந்திருந்தால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி லாகைத் திறங்கள். 4625 என்றால் தோல்வியடைந்த நுழைவு முயற்சி, நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றுக்கு நடுவே வெளி ஐபியில் இருந்து, உங்கள் ஆட்கள் யாரும் நுழையாத நேரத்தில் ஒரே ஒரு 4624 (வெற்றிகரமான நுழைவு) இருந்தாலும் திருடன் உள்ளே வந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டு, கணினியை அணைக்காமல் நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்குங்கள், வைஃபை இருந்தால் அதையும் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கணினியில் இருந்து மாற்றுங்கள். பேக்கப் டிஸ்க்கை இந்தக் கணினியில் செருகவே கூடாது. வங்கிக் கணக்கில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.