உங்கள் தெருவிலேயே ஒரு வாசிப்பு வட்டம்: நம்மூர் எழுத்தாளர்களிலிருந்து தொடங்குங்கள்

ஆறு பேர் இருந்தால் போதும், தொடங்கிவிடலாம். வாட்ஸ்அப்பில் செய்தி போட்டதோடு விடாமல் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுங்கள். புத்தகமே தொடாதவர்கள் இரண்டு பேராவது அதில் இருக்கட்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, ‘நம்மூர்’ என்பது எதுவரை என்று பேசி முடிவெடுங்கள். 1965 வரை தருமபுரியும் 1996 வரை நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தான். சேலம் அம்மாப்பேட்டையில் நடக்கும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அந்தப் பழைய எல்லையையே வைத்துக்கொண்டோம். அதனால் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெருமாள்முருகனும், கொல்லிமலை மக்களை வைத்து ‘சங்கம்’ நாவலை எழுதிய கு. சின்னப்பபாரதியும் நம்மவர்கள் ஆகிவிட்டார்கள்.

முதல் புத்தகம் மெலிதாக இருக்கட்டும். என்னைக் கேட்டால் பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ என்பேன். ஒரு வெள்ளாட்டுக்குட்டியின் கதை. ஆடு மேய்த்தவர், வளர்த்தவர் யாராக இருந்தாலும் அதைப் பற்றிப் பேச அவரிடம் ஏதாவது இருக்கும். ஆளுக்கொரு பிரதி வேண்டியதில்லை. இரண்டு வாங்கிச் சுற்றில் விடுங்கள். கிளை நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

நாளும் இடமும் மாறக்கூடாது. எங்களுக்கு ஞாயிறு மாலை ஐந்து மணி, மொட்டை மாடி. அன்று எங்கள் தெருவில் நெசவுத் தறி ஓடாது, குரல் நன்றாகக் கேட்கும். தட்டுவடை செட் வாங்கினால் கடைசியில் கொடுங்கள்; சட்னிக் கை புத்தகத்தில் பட்டால் கறை போகாது.

இனி முக்கியமான வேலை: வாய்விட்டு வாசிப்பது. ‘வீட்டில் படித்துவிட்டு வாருங்கள்’ என்றால் படிக்காதவர்கள் கூச்சப்பட்டு வராமலே போய்விடுவார்கள். பத்துப் பக்கம் போதும். இரண்டு பக்கத்துக்கு ஒருவர் என்று மாறி மாறி வாசியுங்கள். புரியாத சொல் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஒருமுறை ‘இட்டேரி’ என்ற சொல் வந்தது. கல்லூரியில் படிக்கும் பெண் அச்சுப்பிழை என்றாள். சங்ககிரிப் பக்கம் பிறந்து எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த பாட்டி ஒருவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் பக்கத்துக்கு ஒன்றாக நிறுத்திக் காட்டினார். “இந்தப் பக்கம் வேலி, அந்தப் பக்கம் வேலி. நடுவுல வண்டி போற தடம் கண்ணு. பொழுதோட அதுலதான் மாட்டை ஓட்டிட்டு வருவோம்.” அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தோம். இந்த முறை எல்லோருக்கும் அந்த வழி தெரிந்தது. படிக்காதவர்களையும் கூப்பிடச் சொன்னது இதற்காகத்தான்.

அப்புறம், ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். சொல், பொருள், சொன்னவர் பெயர், அவருடைய ஊர் என்று நான்கு கட்டம். பெருமாள்முருகன் தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் முதலில் பாட்டியைக் கேளுங்கள், பிறகு அகராதியைத் திறங்கள்.

பேச்சு தொடங்கவில்லை என்றால் ‘கதை பிடித்ததா?’ என்று கேட்காதீர்கள். ‘ஆமாம்’ என்பதோடு முடிந்துவிடும். ‘இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?’ என்று கேளுங்கள்.

கலைவதற்கு முன் அடுத்த வாரம் யார் வாசிப்பது, புத்தகம் யார் வீட்டில் இருப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். ‘பூனாச்சி’ முடிந்ததும் பெருமாள்முருகனின் ‘ஆளண்டாப் பட்சி’யை எடுக்கலாம். சொந்த நிலத்தை விட்டு வேறு மண் தேடிப் போகும் விவசாயியின் கதை. கொஞ்சம் பெரியது, இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள்.